வெள்ளைக் காரை எடுத்துப்போக வந்தவர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று முழுக்கப் புழுதி. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

விற்பதற்காகக் காரைப் படம் எடுக்கிற வேலை. மகன் ஜெரோம் பெங்களூரிலிருந்து போனில் சொல்லச் சொல்ல எடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம், இன்ஜின், மீட்டர். "அம்மா, லைட்டத் தூக்கி வச்சு ஒண்ணு எடுங்க. அதப் பாத்துத்தான் ஆளுங்க வருவாங்க." சுவிட்சைப் போட்டதும் மூடிக்குள்ளிருந்து இரண்டு விளக்கும் எழும்பின. சின்ன வயதில் ஜெ. இதைத் தவளை என்பான்.

ஜப்பான் கார். வெள்ளை. இரண்டே கதவு, தரையோடு தரையாக. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையை முடித்துத் திரும்பியபோது கப்பலில் கொண்டு வந்தது. மற்றவர்கள் டிவி கொண்டு வந்தார்கள். சனிக்கிழமைதோறும் துடைப்பார். ஒரு கீறல் கிடையாது. எனக்கு இந்தக் கவனிப்பு இல்லையே என்று ஒரு காலத்தில் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

விற்கிற காரணம். இவருக்கு மறதி நோய் என்று திருச்சி டாக்டர் போன வருடமே சொல்லிவிட்டார். மாசியில் ஒருநாள் பால் வாங்க இவர் காரை எடுத்துப் போனார். பால் கடை தெருமுனையில். சாயங்காலம் வரை ஆளைக் காணோம். நார்த்தாமலைப் பக்கம் குவாரி ரோட்டில் பெட்ரோல் தீர்ந்து நின்றிருக்கிறார். ஒரு டெம்போ டிரைவர் இவர் போனிலிருந்தே கூப்பிட்டார். "அய்யாவுக்கு ஊரு பேரு சொல்லத் தெரியலங்க. ஸ்டெல்லா, ஸ்டெல்லாங்கிறாரு. நீங்கதானா?"

நான்தான் என்றேன். அன்றிலிருந்து சாவி என்னிடம்.

ஜூன் 4, புதன்

காலை முழுவதும் சாவி தேடினார்.

"ஸ்டெல்லா, சாவிய எங்க வச்ச?"

"மெக்கானிக்குட்ட இருக்குங்க."

"எந்த மெக்கானிக்கு? என் வண்டிய எவன் தொட்டான்?"

பீரோவில் இருந்த சட்டையெல்லாம் தரையில். சாவி அரிசி டின்னுக்குள். அந்த டின் மேலேயே கை ஊன்றிக்கொண்டு நின்று கத்தினார். மத்தியானம் மறந்துபோனது. புளிக்குழம்பு, அப்பளம். நன்றாகச் சாப்பிட்டார். சட்டைகளை மடித்து வைத்தேன்.

வாங்க வேண்டியது: பல்பு, இவர் மாத்திரை, துணி சோப்பு.

ஜூன் 5, வியாழன்

விளம்பரம் பார்த்துத் திருச்சியிலிருந்து இரண்டு பையன்கள். "ஆன்ட்டி, சைலன்சர மட்டும் மாத்திட்டா சவுண்டு அள்ளும்." ஒருத்தன் பானெட் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்தான். கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. யார் வாங்கினால் என்ன. ஜெ.க்குப் போனில் கோபம்.

சாயங்காலம் இன்னொருவர். பெயர் யூசுஃப், மீமிசல்காரர். நாற்பது வயது இருக்கும். துபாயை முடித்துக்கொண்டு வந்துவிட்டாராம், பழைய கார்கள் மேல் ஆசை. நல்லவேளை, இவர் தூக்கத்தில். யூசுஃப் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

"இவ்வளவு சுத்தமா வச்சிருக்கவரு ஏன்மா குடுக்குறாரு?"

சொன்னேன். விலையைக் குறைத்துக் கேட்கவே இல்லை. மீதியை ஜெ.யிடம் பேசிக்கொள்ளச் சொன்னேன்.

இவர் எழுந்ததும் டீ கேட்டார். பால் திரிந்திருந்தது. கடுங்காப்பிதான்.

ஜூன் 6, வெள்ளி

மூட்டம். பெய்யவில்லை.

ஜெ. போட்ட திட்டம்: ஞாயிறு காலை இவரை மாதா கோயில் பூசைக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்த நேரத்தில் யூசுஃப் வந்து எடுத்துப் போவார். சாவி பக்கத்து வீட்டு மரியாவிடம். திரும்பி வந்து கேட்டால், சர்வீசுக்குப் போயிருக்கிறது.

"அப்பா பாத்தா தாங்க மாட்டாரும்மா. கண்ணு முன்னாடி வேணாம்."

சரி என்றேன். எதைக் கேட்டாலும் சரி என்றுதான் வருகிறது.

தங்கை பேசினாள். "அழுதுரு அக்கா, மனசு லேசாயிரும்." வெங்காயம் நறுக்கும்போது வந்தது. அதுவும் கொஞ்சம்.

ஜூன் 7, சனி

என்ன கிழமை என்று கேட்டால் தெரியாது. ஆனால் வாளியும் துணியுமாக ஷெட்டுக்குப் போய்விட்டார். கார் உறையை இழுக்கக் கை கொடுக்கச் சொன்னார்.

"அங்கிட்டுப் புடி. தரையில படாம."

பிடித்தேன். மேலிருந்து கீழே, ஒரே போக்கில் துடைத்தார். கை நடுங்கவில்லை. சட்டைப் பொத்தான் போடுகையில் மட்டும்தான் நடுக்கம்.

"ஒரு நாளு ஒன்னக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போறேன் ஸ்டெல்லா. இதுல."

"போனோமேங்க. ஜெரோம் பொறக்கிறதுக்கு முன்னாடி."

"அப்படியா? நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

மலை ஏறுகிற வழியெல்லாம் நான் வாந்தி எடுத்ததுதான் ஞாபகம். வளைவுக்கு வளைவு நிறுத்தினார். நாளைக்கு நடக்கப் போவதைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கேபிள்காரர் வந்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். வேட்டி கட்டிவிட்டேன். அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கைலியோடு ஷெட்டுக்குப் போனார். யூசுஃபுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

அவர் வந்தபோது இவர் கார் பக்கத்தில், கையில் துணியோடு. யூசுஃப் கேட்டிலேயே நின்றுவிட்டார். "இன்னொரு நாளைக்கு வரவாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்குள் இவர் பார்த்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நடுவில் போய் நின்றேன்.

"வாங்க சார். மொதலாளி அனுப்புனாரா?"

யூசுஃப் என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, "ஆமாங்கய்யா" என்றார்.

"எம்புட்டு நாளா எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். அடுத்தவுக பொருள ஒப்படைக்காம எப்படி நிம்மதியா இருக்கிறது? பாருங்க. ஒரு கீறல் இருக்கான்னு பாருங்க."

ஒவ்வொன்றாகக் காட்டினார். கதவு, விளக்கு, ஸ்டெப்னி. "காலையில ரெண்டாவது கியரு கொஞ்சம் மொரண்டு புடிக்கும். சூடானதும் சரியாயிரும். அமுக்கிப் போடாதீங்க." மாதக்கணக்கில் நான் பார்க்காத தெளிவு முகத்தில். சுமை இறக்கியவர் மாதிரி இருந்தார்.

உள்ளே போய் அரிசி டின்னிலிருந்து சாவியை எடுத்து வந்தேன். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. வாங்கி, கைலியில் துடைத்து, இரண்டு கையாலும் யூசுஃபிடம் கொடுத்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"இந்தம்மாவையும் ஏத்திக்கிட்டுப் போங்க சார். வண்டியோட வந்தவுகதான். ரொம்ப நாளா இங்கயே இருக்காங்க, பாவம். வீட்டுல தேடுவாங்க."

"என்னங்க, நான் ஸ்டெல்லா."

"சரிம்மா. ஒக்காருங்க. சார் பத்திரமாக் கொண்டுபோய் விட்டுருவாரு."

ஊர் பெயர் மறந்த அன்றுகூட என் பெயர் மறக்கவில்லை. இதுதான் முதல் தடவை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மறுத்தால் கத்துவார். மரியா மதில் பக்கம் வந்திருந்தாள். இவரைப் பார்த்துக்கொள் என்று கண்ணைக் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வெளியே தொங்கிய முந்தானையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மெயின் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனோம். வேகத்தடையில் யூசுஃப் சாய்த்து ஏற்றினார். காரின் அடி தட்டவில்லை. அவர் கண்தான் கலங்கியிருந்தது. எனக்கு ஏசி ஓடுகிறதா என்று பார்க்கத் தோன்றியது. ஓடியது.

"திருப்பிக் கொண்டாந்து விடுறேம்மா."

"வேணாம் தம்பி. மறுபடி வண்டியப் பாத்தா கொழம்பிருவாரு."

இறங்கினேன். கார் புதுக்கோட்டைப் பக்கம் போனது. கொஞ்ச நேரம் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ் நின்று, ஏறுறீங்களா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்றேன். நடந்து வந்தேன்.

இவர் கேட்டில் நின்றிருந்தார்.

"எங்க போன ஸ்டெல்லா, இந்த வெயில்ல?"

"பூசைக்கு."

"ஒரு அம்மா இருந்தாங்க இங்க. நல்ல மாதிரி. வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன்."

"நல்லதாப் போச்சுங்க."

சோறு போட்டேன். ரசம், அவித்த முட்டை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை நிறுத்தினார்.

"வீட்டுக்குப் போய்ச் சேந்திருப்பாங்களா?"

"சேந்துட்டாங்க" என்றேன்.