என் கையெழுத்து

ஆகஸ்ட் 15, வியாழன்.

ஊராட்சித் தலைவராக ஜெயித்தது நான். இன்றைக்குக் கிராம சபையில் என் நாற்காலியில் உட்கார்ந்தது என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். அதனால் அவருக்கு எல்லாம் தெரியுமாம்.

குடிதண்ணீர் வந்து பதினோரு நாளாச்சு என்று பேச்சியக்கா எழுந்தாள். "நீ சொல்லு தாயி" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். இவர் முந்திக்கொண்டார்.

"எலெக்‌ஷன், ஓட்டு எல்லாம் வெட்டி வேலை. பத்து வருசம் நாட்டை மிலிட்டரிகிட்ட குடுத்துப் பாருங்க, தன்னால ஒழுங்காயிரும்."

சுதந்திர தினத்தன்று பேசுகிற பேச்சு! அதற்குக் கைதட்டல் வேறு. கூறுகெட்ட ஜனம். தண்ணீருக்குப் பதிலே இல்லை.

இந்த வீட்டில் பதினெட்டு வருசமாக மிலிட்டரி ஆட்சிதான். அடுப்படிக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

சாயங்காலம் தீர்மான நோட்டை நீட்டினார். "இந்தா, இங்கன ஒரு கையெழுத்துப் போடு." எப்போதும் வாசிக்காமல் போடுவேன். இன்று வாசித்தேன். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

"பேச்சியக்கா கேட்டதை எழுதிட்டு வாங்க, போடுறேன்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். நோட்டு இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது.

மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் பட்டாளத்தில் ஒரு வண்டிகூட நகராது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.