முதலில் பேச வேண்டியவள்

தூத்துக்குடி,
12.9.2025

அன்புள்ள சிப்போரா,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? ஊர் ஊராகப் போய்க் கதை சொல்கிறவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?

என் வீட்டுக்காரர் அம்புரோஸ் வள்ளத்தோடு கடலில் காணாமல் போனதிலிருந்து நான் கண் மூடாமல் கிடந்தேன். ஒன்பதாம் நாள் நீ வந்து பங்கு மண்டபத்தில் உன் அம்மாவின் யூதச் சனங்களுடைய துக்க முறையைச் சொன்னாய். கடலில் போனவன் உடல் கிடைக்காவிட்டால், இனி வரமாட்டான் என்று வீட்டார் நம்பிக்கை விட்ட நாளிலிருந்துதான் துக்கம் தொடங்கும் என்றாய். அன்றைக்கே, இனி வரமாட்டார் என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணாடியைத் துணியால் மூடித் தரையில் உட்கார்ந்தேன். துக்கக்காரி முதலில் பேசும்வரை வந்தவர்கள் பேசக் கூடாதாமே. வாயாடி நீ ஒரு பகல் முழுக்க என் பக்கத்தில் சும்மா இருந்தாய். பக்கத்து வீட்டுப் பேபியக்கா நீ சொன்ன துக்க முறைப்படி தினமும் அவித்த முட்டை கொண்டு வந்தாள். தேடப் போன தெரு வள்ளங்களும் கரைக்கு வந்துவிட்டன. துக்கத்தின் ஏழாம் நாள் கொழுந்தன் பவுல் என்னை எழுப்பித் தெருவைச் சுற்றி அழைத்துப் போனான். அன்று தூங்கினேன்.

நீ வராவிட்டால் நான் செத்திருப்பேன்.

உன் பள்ளிக்கூடப் பெஞ்சுக்காரி,
பிலோமினா

கொச்சி,
3.10.2025

ஏளா பிலோமி,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் நாலு தடவை படித்தேன்.

ஒரு விஷயம், திட்டாதே. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லாமல் உன் கதையைச் சொன்னேன். நீ எழுந்து தெருவைச் சுற்றி நடந்ததில் முடித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பதினைந்து வருடமாகக் கதை சொல்கிறேன், வேறெந்தக் கதையும் இப்படி ஆற்றியதில்லை. அடுத்த மாதம் மும்பையிலும் சொல்லட்டுமா?

ஏன் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய்? எனக்கு மனசே சரியில்லை.

அன்புடன்,
சிப்போரா

தூத்துக்குடி,
21.10.2025

சிப்போராவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் சமாதானமாகிவிடுவேன். எனக்குச் சமாதானம் வேண்டாம்.

போன மாதக் கடைசியில் இராமேஸ்வரத்துப் படகுக்காரர்கள் அம்புரோஸின் வள்ளத்தை இழுத்து வந்தார்கள். அவர் அதில் இல்லை. தண்ணீர் கேன் மட்டும் கட்டியபடி கிடந்தது. அதில் நாளுக்கு ஒரு கோடு என்று கத்தியால் கிழித்திருக்கிறார். பதினாலு கோடு. நான் தரையில் உட்கார்ந்தது ஒன்பதாம் நாள்.

அரசாங்கம் தேடுவதை நிறுத்தின பிறகும் நம் தெருவிலிருந்து ஆறு வள்ளம் தினமும் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று பவுலிடம் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மைனி, நீங்களே கண்ணாடியை மூடிட்டு உக்காந்துட்டீங்க. அதுக்கப்புறம் நாங்க யாருக்குன்னு தேட?"

அவர் கடைசிக் கோட்டைக் கிழித்த அன்று நான் இங்கே முட்டை தின்றுகொண்டிருந்தேன், சிப்போரா. அதை நினைத்தால் என் வாயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நீ என் கதையை எங்கேயும் சொல்லாதே. நான் எழுந்து நடந்தேன் என்று யாரிடமும் சொல்லாதே.

பிலோமினா

தூத்துக்குடி, ரயிலடி விடுதி,
2.11.2025

பிலோமி,

இரண்டு நாளாக உன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீ குடத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய், வந்தாய். நீ பேசாமல் நான் பேசக் கூடாது, அதனால் பேசவில்லை. இந்தக் கடிதத்தையே நான் எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு என்னால் ஊர் திரும்ப முடியாது. அன்று மண்டபத்தில் நான் பாதிதான் சொன்னேன். கரை தெரியாத தண்ணீரில் போனவனைச் செத்தவன் என்று சுலபத்தில் தீர்த்துவிடக் கூடாது, அவன் எங்கேனும் ஒதுங்கியிருக்கலாம் என்றும் எங்கள் பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. முன்வரிசையில் உன் கண்ணைப் பார்த்தேன். நீ ஒரு இரவாவது தூங்க வேண்டும் என்று அதை விழுங்கிவிட்டேன்.

மும்பைக்குப் போகவில்லை. இனி எந்த ஊருக்கும் இல்லை.

நாளைக் காலையும் உன் வாசலுக்கு வருவேன். நீ ஏசினாலும் போதும்.

சிப்போரா

(இந்தக் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.)