பச்சை சோப்பு

மார்ச் 4

வாயாடி, நீ கண்ணை மூடி ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு முதல் தடவையா பாத்திர சோப்பை நானே கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். இத்தனை வருஷம் வீட்டில கலக்கிறது நான், வெளியில விக்கிறது நீ. எனக்கு வாயே வரலை.

நம்ம சோப்பு இருந்த இடத்தில பெரிய கம்பெனி சிவப்பு ரேக் கொடுத்திருக்கான். சும்மாவாம். அதில அவன் சரக்கு மட்டும்தான் வைக்கணுமாம். நம்மளது கீழே, பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில.

"குனிஞ்சா தெரியும்க்கா" என்றான் கடைக்காரத் தம்பி.

மார்ச் 6

யாரும் குனியலை.

மார்ச் 9

காலையிலேர்ந்து கடையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். நமக்கு யாருதான் எதிரி? யாரும் பேர் சொல்லிக் கேக்கிறதில்லை. "பச்சை சோப்பு கொடுங்க"ன்னுதான் கேக்கிறாங்க. கம்பெனியும் இப்ப பச்சையில விடறான். கைக்கு எட்டினதைத் தம்பி எடுத்துக் கொடுக்கிறான். ஒரு அம்மா சோப்பே வேண்டாம்னு பாத்திரம் தேய்க்கிற திரவம் வாங்கிட்டுப் போச்சு. நமக்குச் சலவைச் சோடா கொடுக்கிறவர் தானே சோப்பு தயாரிக்கப் போறாராம். எந்தப் பக்கம்டி பார்க்கிறது?

மார்ச் 11

"பச்சைக் கலர் பொடி இல்லம்மா. கம்பெனிக்காரன் மொத்தமா அள்ளிட்டான்" என்கிறார் பொடிக் கடைக்காரர். வேணும்னே செய்யறானுங்களா? கலந்த சோப்பு மாவு காய்ஞ்சா வீண். என்ன பண்ணுவேன் — கலர் இல்லாமலே அச்சில அழுத்திட்டேன். போனால் போகட்டும்.

மார்ச் 14

தம்பி பார்த்துட்டுச் சிரிச்சான். "என்னக்கா, சோப்புக்கு ரத்தசோகையா?"

எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலை — "ஏன், உன் வீட்டில கலரா பாத்திரம் தேய்க்குது?" என்றேன்.

அங்கே நின்ன ரெண்டு பொம்பளைங்களும் கொல்லுன்னு சிரிச்சாங்க. ஆளுக்கு ஒண்ணு வாங்கினாங்க. தம்பி வேற வழியில்லாம ஆறு கட்டியை எடுத்து தராசுக்குப் பக்கத்தில வச்சான்.

மார்ச் 15

போய்ப் பார்க்கலாமா? வேண்டாம். தொல்லைன்னு நினைப்பான்.

மார்ச் 21

போனேன். ஆறும் தீர்ந்திருந்துச்சு. நான் நிக்கும்போதே ஒரு அம்மா, தம்பி நீட்டின பச்சைக் கட்டியைத் தள்ளிவிட்டு, "இது வேண்டாம்பா, கலர் போடாதது இருக்கே, அது" என்றார்.

அடுத்த வாரம் ரெண்டு டஜன் வேணுமாம். "உறை போட்டு, பேர் அடிச்சுக் கொடுத்திடுங்கக்கா. கேக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்கிறான் தம்பி.

"நல்ல பேர் ஒண்ணு வச்சிருக்கேன், உறை அடிக்கிற அன்னிக்குத்தான் சொல்லுவேன்"னு எத்தனை வாட்டி நீ என்னைச் சீண்டியிருப்பே.

என்ன பேருடி அது?