உன் கவுன்சிலரைப் பார்க்கப் போனேன், நைனா

என் பிரியமுள்ள நைனா,

நீ கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டி வலிதான் விடவில்லை. கோட்டைக்கு உலக அளவில் பெயர் வந்ததிலிருந்து செஞ்சியில் வெளியூர் வண்டிகள் கூடிவிட்டன. ஊர் வளர்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நான் அதே துணிக்கடையில்தான் இருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உனக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

கடையில் நாங்கள் ஆறு பெண்கள். மூத்தவள் தனம் அக்கா. குறைந்தபட்சக் கூலி என்று அரசாங்கம் ஒன்று வைத்திருப்பதை அவள் மகள்தான் போனில் எடுத்துக் காட்டினாள். நாங்கள் வாங்குவது அதற்கு வெகு கீழே இருந்தது. முதலாளியிடம் கேட்டோம். "கட்டுப்படியாகாதும்மா. முடியாதவங்க நின்னுக்கலாம்" என்றார்.

அதனால் ஏகாம்பரம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மூன்று தேர்தலில் நீ போஸ்டர் ஒட்டி, கொடி கட்டி ஜெயிக்க வைத்த உன் கவுன்சிலர்தான். அவருக்கு பேனர் கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து கை உடைந்து, இரண்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தாயே, அப்போது அவரிடம் நீ எதையாவது கேட்டாயா? அம்மாவிடம் விசாரித்தால் பேச்சை மாற்றுகிறாள்.

டீ கொடுத்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க நைனா எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி. உனக்கு மட்டும் ஏத்திக் குடுக்கச் சொல்றேன். மத்தவங்க கிட்ட மூச்சு விடாத."

"ஆறு பேரும் ஒரே வேலதான சித்தப்பா செய்றோம்?"

"கடக்காரங்க தான் கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போடறாங்க. அவங்களப் பகைச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது? அதுவும் இல்லாம, எல்லாருக்கும் ஏத்தச் சொன்னா ரெண்டு பேர நிறுத்திடுவான். அப்ப யாருக்கு நஷ்டம்?"

எழுந்து வந்துவிட்டேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் அந்தக் கூடுதல் சம்பளத்தை மனதுக்குள் செலவு செய்துகொண்டிருந்தேன். அம்மாவின் முட்டிக்கு வைத்தியம் வரை போய்விட்டேன்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொன்னேன். புடவைப் பிரிவில் என்னோடு நிற்கும் ஷகிலா, "நீ வாங்கிக்கடி. ஒருத்திக்காவது கெடைக்கட்டும்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தனம் அக்கா டப்பாவை மூடிவிட்டு, "எல்லாரும் சேந்து எழுதிக் குடுத்துடலாம்" என்றாள்.

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து ஷகிலாவுடையது. வார விடுமுறையில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தோம். அதிகாரி ஒருவர் கடைக்கு வந்து எங்களைத் தனித்தனியாக விசாரித்தார். இரண்டாவது மாதம் முழுக் கூலி கைக்கு வந்தது.

அதே வாரம் முதலாளி ஷகிலாவை நிறுத்திவிட்டார். வியாபாரம் டல்லாம்.

சித்தப்பா சொன்னது பாதி பலித்துவிட்டது. ஆனால் ஆடி மாதக் கூட்டத்தை ஐந்து பேரால் சமாளிக்க முடியவில்லை. வேலை குறைந்ததால் அவளை நிறுத்தவில்லை, முதலில் கையெழுத்துப் போட்டதால்தான் நிறுத்தினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லி மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்போது அவள் அவலூர்பேட்டையில் ஒரு கடைக்குப் பாதிச் சம்பளத்துக்குப் போய் வருகிறாள். எங்களில் யார் மீதும் அவளுக்குக் கோபமில்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

போன வாரம் சித்தப்பாவைத் தெருவில் பார்த்தேன். பைக்கை நிறுத்தினார். "நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க சித்தப்பா. அவள நிறுத்தினப்போ முதலாளி கிட்ட ஏன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? அவளும் உங்க வார்டுதான்."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நீ இருந்தால் என்னைத்தான் அதட்டியிருப்பாய். பெரிய மனுஷனிடம் இப்படியா பேசுவது என்று கேட்டிருப்பாய். உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு, நைனா. அவரை ஜெயிக்க வைக்க அவ்வளவு உழைத்த நீ, அவரிடம் கேள்வி கேட்க மட்டும் ஏன் அவ்வளவு தயங்கினாய்?

திங்கட்கிழமை விழுப்புரத்தில் விசாரணை. ஐந்து பேரும் அன்றைக்கு லீவு போடுகிறோம். சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும். ஷகிலா என் பக்கத்தில் வந்து நின்று புடவை விரிக்கும்வரை இந்த மனுவை நான் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கை உடைந்தபோது சோறு ஊட்டிய மூத்த மகள்,
கலைவாணி