துறைமுகத்தில் பிடிபட்ட தேசிக்காய்

ஸ்டுட்கார்ட்
ஐப்பசி, 2025

அன்பு மகள் ஆதிரைக்கு,

அம்பாள் துணையால் நாங்கள் இருவரும் சாப்பிட்டு, உறங்கி, எழும்பி நடமாடுகிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியை நீ எனக்கு வைக்கவில்லை. நான் அனுப்புகிற செய்திகளை நீ பார்க்கிறாய் என்று போன் காட்டுகிறது, பதிலைத்தான் காணவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அப்பாவோடு வேலை செய்த துவாரகன் அடுத்த கிழமை மெசின் பூட்ட உன் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன், கையில் தந்ததை நீ வாசிக்காமல் விடமாட்டாய்.

உன் ஊர் என்று எழுதுகிறேன், அதன் பெயர் இத்தனை நாளாகியும் என் வாயில் நுழையவில்லை. யாரும் கேட்டால் நிங்போ என்று பெரிய துறைமுகம் இருக்கிறது, அதற்குப் புறத்தே ஒரு சின்ன ஊர் என்று சொல்லி வந்தேன், இப்போது சின்ன ஊர் என்று சொல்லவும் முடியவில்லை. நீ போன புதிதில் உன் ஜன்னலுக்கு வெளியே கீரைப்பாத்தி இருந்தது, வாய்க்கால் இருந்தது, அதில் தாராவும் குஞ்சுகளும் நீந்தின. வாய்க்கால் கரையில் தோட்டம் செய்த ஒரு மனுசி உனக்குக் கத்தரிக்காய் தந்தாள் என்று படம் அனுப்பினாய், அந்தக் கத்தரிக்காயின் நீளத்தைப் பார்த்து நானும் அப்பாவும் சிரித்தோம். பிறகு நீ அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் ஒரு பாத்தி குறைந்தது. முதலில் ஆளில்லாத வெளியில் தெருவிளக்கு நட்டார்கள், பிறகு மெட்ரோ வந்தது, முப்பது மாடிக் கட்டடங்கள் வந்தன, ஜெர்மன்காரருக்கென்று ஒரு பாண்கடையும் வந்தது, வாய்க்கால் இப்போது குழாய்க்குள் ஓடுகிறதாம். அந்த மனுசிக்குப் பதினேழாம் மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள், குளியல் தொட்டியில் வெங்காயத்தாள் நட்டு வைத்திருக்கிறாள் என்றாய். நான் பாவம் என்று சொல்ல, பாவமில்லை அம்மா, லிஃப்டிலை ஏறி இறங்கிறது அவவுக்கு நல்ல விருப்பம் என்றாய். இருக்கலாம். அவளைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார்களா என்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும்.

அப்பாவை யாரும் கேட்கவில்லை. இங்கே மூடுகிற தொழிற்சாலையை அங்கே திறக்கிறார்கள், கொம்பனி ஒன்றுதான், மூடுகிற பக்கத்தில் அவரும் திறக்கிற பக்கத்தில் நீயும் நிற்கிறீர்கள், நடுவில் நான் யாருக்காகச் சந்தோசப்படுவது யாருக்காக அழுவது என்று தெரியாமல் இருக்கிறேன். தொழிற்சாலையில் கார் விடுகிற இடத்தில் புல் முளைத்துவிட்டது. பஸ் தரிப்பிடத்துப் பாண்கடையும் பூட்டியாயிற்று, பஸ்ஸையும் குறைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஓய்வூதியம் எடுக்க வயது காணாது, புது வேலை எடுக்க வயது கூடிப்போயிற்று. வேலை தேடுகிறவர்களுக்கான அலுவலகத்தில் டெர்மின் என்று நாள் குறித்துக் கூப்பிடுகிறார்கள், சேர்ட் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போய்வருகிறார், அங்கே இருக்கிற பெண் நல்ல பிள்ளையாம், ஒவ்வொரு முறையும் கோப்பி கொடுக்கிறாளாம், வேலைதான் அவளிடம் இல்லையாம். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் வானத்திலிருந்து எடுத்த படத்தில் உன் ஊரைப் பார்க்கிறார். பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்து, இஞ்சை பாரும், இந்த ரோட்டாலைதான் பிள்ளை வேலைக்கு நடந்து போகும் என்று எனக்கு விரலால் காட்டுவார். அது எப்போதோ எடுத்த படம் என்று அவருக்கும் தெரியும்.

இனி அந்தத் தேசிக்காய்க்கு வருகிறேன், வராமல் இந்தக் கடிதத்தை முடிக்க ஏலாது. அப்பா தான் வேலை செய்த அந்த மெசினுக்கு ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், முதலில் சிரித்த அவருடைய மேலாள் மைஸ்டரே பிறகு பொட்டு வைத்தாயிற்றா என்று கேட்கப் பழகிவிட்டார். நாங்கள் வாங்கிய முதல் காரை ஹம் நகரத்து அம்பாள் கோயிலுக்குக் கொண்டுபோய் டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கியபோது நீ பின் சீற்றிலிருந்து கைதட்டினாய், மறந்திருக்கமாட்டாய். அந்தப் பழக்கம்தான். அந்த மெசினை உங்களிடம் அனுப்பக் கழற்றிப் பெட்டி அடிக்கிற கிழமை தேர்த் திருவிழாவுக்குப் போய் வந்தவர், அம்பாளின் காலடியில் வைத்த தேசிக்காயைக் கொண்டுபோய் மெசினின் அடித்தட்டுக்குள் வைத்துவிட்டார். உங்கள் துறைமுகத்தில் பழம், விதை, மண் என்று தேடுகிறதற்கே ஆட்கள் இருப்பார்கள் என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? கப்பலில் அது அழுகிக் கறுத்துப்போய்க் கிடக்க, பூச்சி வந்துவிடும் என்று முழுக் கொண்டெய்னரையும் மறித்துவிட்டார்கள், மருந்துப்புகை அடித்தார்கள், விசாரித்தார்கள். தொழிற்சாலைத் திறப்பு விழாவுக்கு உங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் வந்து ரிபன் வெட்ட, மெசின் நிற்கவேண்டிய வெறும் நிலத்துக்கு முன்னால் நீ நின்றாய். யார் வைத்தது என்று மேலிடத்தில் கேட்டபோது அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தாய். மெசின் பூட்ட அங்கே வர இருந்தவர் அவர்தான், விசாவும் எடுத்துச் சூட்கேசும் வாங்கி வைத்திருந்தார். அதற்குப் பிறகு வரவேண்டாம் என்று சொல்லித் துவாரகனை அனுப்புகிறார்கள்.

நீ அன்றைக்குப் போனில் சத்தம் போட்டது சரி, போடவேண்டிய விசயம்தான். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. நீ இன்னும் கோபமாக இருக்கிறாய் என்று அப்பா நினைக்கிறார். எனக்கு அப்படிப் படவில்லை, அவருடைய பெயரை எழுதின கையால் போனை எடுக்க உனக்கு மனம் வரவில்லை என்றுதான் படுகிறது. அப்படியென்றால் அவர் சொன்னதைக் கேள், பிள்ளை உண்மையைத்தானே எழுதினது, பொய் எழுதியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பன் என்றார். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். நான் பின்னால் போகவில்லை. இன்னொரு நாள் எனக்கு ஆத்திரம் வந்து, ஒரு இரும்புத் துண்டுக்குப் போய் இதெல்லாம் தேவையா என்று கேட்டுவிட்டேன். இரும்புக்கோ வைச்சனான், நாள் முழுக்க அதுக்குப் பக்கத்திலை நிக்கப்போறது ஆரெண்டு யோசிச்சுப் பாரும் என்றார்.

உன்னை அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம், துவாரகன் சொல்லித்தான் தெரியும். இரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வா என்று சொல்ல இங்கே என்ன இருக்கிறது. நீயே யோசித்துச் செய். புதுக் கட்டடத்தில் பெயின்ற் மணம் தலையிடி தரும், ஜன்னலைத் திறந்து வை. கடைச் சாப்பாட்டையே நம்பி இராதே. அந்தக் கத்தரிக்காய் மனுசியைக் கண்டால் நான் விசாரித்ததாகச் சொல்லு. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் வைத்திருக்கிறேன், எது கொண்டுபோகலாம் எது கூடாது என்று துவாரகனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கட்டினேன். நீ எந்த மாடியில் இருந்தாலும் அம்பாள் உன்னோடு இருப்பாள், நோய் நொடியில்லாமல் நீ நல்லாயிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பொதிக்குள் கம்பளிக் காலுறை ஒரு சோடி இருக்கிறது, அப்பா வாங்கியது. அதற்குள் இன்னொரு தேசிக்காயைச் சுற்றி ஒளித்து வைத்திருந்தார், அதற்கென்றே மறுபடி ஹம்முக்குப் போய் வந்திருக்கிறார். கட்டும்போது என் கையில் தட்டுப்பட்டது, எடுத்துவிட்டேன். எறியவும் ஏலாமல் சாமித்தட்டில் வைக்கவும் ஏலாமல் என் தையல் பெட்டிக்குள் கிடக்கிறது, அவருக்குத் தெரியாது. நீ போன் எடுத்தால் அவர் வேறொன்றும் கேட்கமாட்டார், காலுறை அளவோ என்று மட்டும் கேட்பார். அளவு என்று சொல்லு, உள்ளே இருந்ததும் கிடைத்தது என்று சொல்லு.

என்றும் உன் நினைவாக,
அம்மா
கமலநாயகி சிறீதரன்