மன்னார்குடியில் மலை இல்லை

டிசம்பர் 4, திங்கள்

பனிமூட்டம். சால்ட் லேக் பஸ் முக்கால் மணி தாமதம்.

ஆபீஸ் சைக்கிள் பயணம் முடிவாகிவிட்டது. 23ஆம் தேதி, சனிக்கிழமை. பாங்குரா பக்கம் ஓர் அணைக்கட்டு ஏரி, கரையோரம் குன்றும் காடுமாகப் பூங்கா. 18 கி.மீ. மண்பாதை. இரண்டு ஏற்றம், ஒரு நீண்ட இறக்கம். ஏற்பாடெல்லாம் ஷிப்ரா-தி (வங்காளத்தில் அக்காவுக்கு ‘தி’, அண்ணனுக்கு ‘தா’); நோட்டீசில் ‘மிதமானது’ என்று எழுதி ஒட்டிவிட்டார். அவர் ஏறிய ஒரே ஏற்றம் எங்கள் ஆபீஸ் மாடிப்படி.

சாப்பாட்டு வேளையில் மலய்-தா. எங்கள் செக்‌ஷனில் மூத்தவர், ஓய்வுக்கு நாலு வருஷம். “உங்க பக்கமெல்லாம் மலைதானே வசந்தா? ஊட்டியா?” என் வாயில் சப்பாத்தி. தலையாட்டினேன். விழுங்கிவிட்டு, “பக்கம்தான்” என்று வேறு சொல்லித் தொலைத்தேன். டிபன் டப்பாவைக் கழுவி வருவதற்குள் நான்தான் தலைவி. எல்லோருக்கும் முன்னால் நான் போக வேண்டுமாம்.

மன்னார்குடிக்காரி நான். எங்கள் ஊரில் மேடு என்றால் வாய்க்கால் மதகு.

பதினோரு வருஷத்தில் இட்லி மாவுப் பக்குவம் தவிர இந்த ஆபீசில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் வெட்கம்.

டிசம்பர் 6, புதன்

வெயில் இதம். பட்டியல்: ஸ்பேர் ட்யூப் 3, பம்ப், குளுக்கோஸ், பஞ்சு, டெட்டால். ஷிப்ரா-தி சேர்த்தது: ஏழு பேருக்கும் குரங்குக் குல்லா, அஜீரண மாத்திரை, மறுபடி அஜீரண மாத்திரை. கியர் சைக்கிள் மூன்றாம் மாடி சென் வீட்டில் இரவல்.

மலய்-தா மறுபடி வந்தார். “நான் உன் சக்கரத்துக்குப் பின்னாலேயே வருவேன். நீ என்ன செய்யறியோ அதையே செய்வேன்.” ஒத்திகைக்கு வாருங்கள் என்றால் மட்டும் முழங்கால் வலி என்கிறார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து டீ புரையேறியது. “ஊட்டியா? நீ ஊட்டி வர்க்கிகூடத் தின்னதில்லையேடி!”

“சிரிக்காதீங்க. வயித்தெரிச்சலா இருக்கு.”

“நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடு.”

சொல்லலாம். தலைவி பதவி போய்விடுமே. பாலத்தில் பழகிக்கொள்ளலாம்.

டிசம்பர் 10, ஞாயிறு

டாகுரியா பாலம், காலை ஐந்தரை. இந்த ஊரில் இறக்கம் வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் போக வேண்டும். ஏறியது சரி. இறங்கும்போது வேகம் கூடியது. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான், ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து தார் ரோட்டில் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது.

மீன் கூடையோடு சைக்கிளில் வந்தவர் தூக்கிவிட்டார். “பின் பிரேக் முதல்ல, தீதி. உடம்பப் பின்னால தள்ளணும். ஐஸோட நாப்பது கிலோ, நான் தினம் இறங்கறேன்.”

டெட்டால் எரிச்சல் பெரிதில்லை. நான் செய்ததையே மலய்-தா செய்திருப்பாரே. ஐம்பத்தாறு வயசு. அங்கே தார் ரோடும் இல்லை, கல்லும் சரளையும். மானம் போனால் போகட்டும். நாளை சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 11, திங்கள்

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும். மலையில் ஓட்டியதே இல்லை, எங்கள் ஊர் தட்டைத் தரை, பாலத்தில் விழுந்தேன் என்று. கைக்கட்டையும் காட்டினேன்.

ஷிப்ரா-தி: “ஆரே! அப்ப இறக்கத்துல எல்லாரும் இறங்கித் தள்ளிட்டுப் போவோம். அதுல என்ன?”

இவ்வளவுதானா! ஒரு வாரம் தூக்கம் கெட்டது இதற்கா!

மலய்-தா மட்டும் எழுந்து தன் மேசைக்குப் போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றார். குரல் கம்மி. “எனக்கு முழங்கால் வலியெல்லாம் இல்ல வசந்தா. எனக்கு சைக்கிளே விடத் தெரியாது. நீ முன்னால போனா எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க, பின்னால எப்படியாவது சமாளிச்சுடலாம்னு...”

மினிபஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

இங்கே ஊருக்குள் இருக்கும் ஏரிக்கரைச் சாலை, காலை ஆறு மணி. நல்ல குளிர். மலய்-தாவுக்கு சைக்கிள் பாடம், இன்று ஐந்தாவது நாள். டாலிகஞ்சிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறார், குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக. இன்னும் ஆறு நாள்தான். ஆபீசில் யாருக்கும் தெரியாது.

அவர் மிதிக்க, நான் சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓட்டம். நடக்க வந்த கூட்டம் நின்று வேடிக்கை.

“ஏரியப் பாக்காதீங்க! ரோட்டப் பாருங்க!”

“விட்டுடாதே! வசந்தா, விட்டுடாதே!”

“பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்!” என்று கத்தினேன்.

அதற்குள் அவர் வளைவைத் தாண்டிவிட்டார். நான் இந்தப் பக்கம் மரத்தடியில், இரண்டு கையும் இடுப்பில்.

இந்த மாதத்தில் இரண்டாவது பொய்.