கிடாய்க்குப் பதிலாக வந்த ஸ்கூட்டர்

புவனேஸ்வர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சலோமி அக்காவுக்கு,

ஜெய் யேசு. முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் ரயில்வே டீம் டாக்டர் ஓடச் சொல்லிவிட்டாரா, இன்னும் நடக்கத்தான் சொல்கிறாரா? போனில் கேட்டால் "எல்லாம் சரியாயிடுச்சுடி" என்று சிரித்து முடித்துவிடுவாய். எனக்கும் போனில் பேச வராது. அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை ஆபீசில் ஒரு கூட்டம். அங்கே நான் வாய் திறந்து ஒன்று சொல்ல வேண்டும். முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

வேலை பிடித்திருக்கிறது. ஹாக்கி லீக் நடக்கும்போது பெண்கள் அணியின் படங்களுக்குக் கீழே எழுதுகிறேன். மற்ற நாட்களில் ஸ்பான்சர்களுக்குக் காட்ட அறிக்கை தயாரிக்கிறேன். எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். கழுத்தில் மீடியா அட்டை தொங்கினாலும் ஸ்டேடியம் காவலர் "பிளேயர்ஸ் கேட் அந்தப் பக்கம்மா" என்று கை காட்டுகிறார். நம் ஆதிவாசி முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஹாக்கி தவிர வேறெதுவும் தோன்றாது போல. பந்தை ஒருநாளும் ஒழுங்காக நிறுத்தத் தெரியாத என்னைப் போய்! "நீ ஆடி எங்களைத் தோக்கடிக்காதே, வெளிய உக்காந்து எங்களைப் பத்தி எழுது" என்று நீ விரட்டியது நினைவுக்கு வரும்.

நம் ஊர் ஜாம்டோலியில் கிடாயைப் பரிசாக வைத்துப் பெண்கள் ஆடும் போட்டிக்கு ஸ்பான்சர் பிடிக்கலாம் என்பது என் யோசனை. எங்கள் மேலாளர் சௌம்ய பாபு உடனே ஒப்புக்கொண்டார். ஒரு ஸ்கூட்டர் கம்பெனி முன்வந்தது. பெண்களுக்குப் புதுக் காலணி, கோல்கீப்பருக்குக் கவசம், கோலுக்கு வலை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அந்தக் கம்பெனிக்காரர்கள் பேச வந்தார்கள். "ஜெயிச்ச பொண்ணு ஆட்டைத் தோள்ல தூக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? அதுக்குப் பதிலா நம்ம வண்டியை நிறுத்துங்க. பொண்ணு, ஸ்கூட்டர், சுதந்திரம்!" என்றார் ஒருவர். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். கிடாயை வெட்டினால் பதினோரு வீட்டுக்கும் பங்கு போகும், தோற்ற ஊருக்கும் தலையும் காலும் போகும், எல்லோரும் ஒரே மைதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவார்கள். ஸ்கூட்டரை எப்படிப் பங்கு போடுவது? "சார், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். சௌம்ய பாபு என் பக்கம் திரும்பி, "ஆமா அஸ்ரிதா, டீ என்னாச்சுன்னு பாரும்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. நான் பேச எழுந்தேன் என்பதே அவருக்குத் தெரியாது. டீயோடு திரும்பியபோது பேச்சு முடிந்திருந்தது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இறுதி ஆட்டத்தில் குர்மாடி ஊர் அணியை நம் பெண்கள் ஜெயித்தார்கள். ஜூனிதா கோலில் நின்று என்னவெல்லாம் தடுத்தாள், நீ பார்த்திருக்க வேண்டும். ரிப்பன் கட்டிய ஸ்கூட்டரில் கேப்டன் பிபியானியை உட்கார வைத்து வீடியோ எடுத்தார்கள். ஜூனிதா அதை ஒரு சுற்று சுற்றி வந்து, "அண்ணே, இதுல எந்தத் தொடை என் பங்கு?" என்று கேட்டாள். கேமராக்காரர் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குர்மாடிப் பெண்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். அடுப்பு எதுவும் மூட்டவில்லை என்று தெரிந்ததும் வண்டியேறிப் போய்விட்டார்கள். விருந்தில்லாமல் அவர்கள் நம் ஊரிலிருந்து போனது இதுதான் முதல் முறை.

விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்றால், வண்டி பிபியானியின் பெயரில் இருக்கிறது. இப்போதைக்கு விற்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பிபியானிக்கு ஓட்டத் தெரியாது. அவள் தம்பிதான் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் ஓட்டிக்கொண்டு திரிகிறான். "பதினோரு பேர் ஓடினோம், அவ தம்பிக்கு வண்டி வந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஜூனிதா பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளோடு இன்னும் சிலரும் நின்றுவிட்டார்கள். கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்குக் குர்மாடியிலிருந்து எப்போதும் வரும் அழைப்பு இந்த முறை வரவில்லை. பிபியானி நம் வீட்டுக்கு வந்து அழுதாளாம். "அஸ்ரிதாகிட்ட சொல்லுங்க பெரியம்மா, இந்த வண்டியை எடுத்துட்டுப் போகட்டும், எனக்கு என் டீம் போதும்" என்றாளாம். அம்மா இதை என்னிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

இங்கே அந்த வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். அதில் ஜூனிதா கேட்டதும் இருக்கிறது. வேடிக்கை என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். சௌம்ய பாபு எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். "சுந்தர்கட் மாவட்டம் முழுக்கப் பண்ணலாம். ஊருக்கு ஒரு ஸ்கூட்டர். நீதான் தலைமை" என்றார். நம் வீட்டில் பத்தாவது தாண்டியவள் நான் ஒருத்திதான். தலைமை என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் அக்கா, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. திங்கட்கிழமை அதற்கு நாள் குறிக்கிறார்கள். ஸ்கூட்டர் வேண்டாம், கிடாயே இருக்கட்டும் என்று நான் சொன்னால் கம்பெனி விலகலாம். அந்தப் பொறுப்பு வேறு யாருக்காவது போகும், ஒருவேளை என் வேலையும். சொல்லாவிட்டால் ஊருக்கு ஊர் ஒரு ஜூனிதா வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். வேறு யார் சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது. அந்த மைதானத்தில் உட்கார்ந்து கிடாய்க் கறி சாப்பிட்டவள் அந்த அறையில் நான் மட்டும்தான்.

ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வா. கிடாயை நான் வாங்கி வைக்கிறேன். நீ ஆட வேண்டாம், ஓரமாக நாற்காலி போட்டு உட்கார். நீ கூப்பிட்டால் ஜூனிதா மறுக்க மாட்டாள். குர்மாடிக்கு நாம் இரண்டு பேரும் நேரில் போய் அழைப்போம். அர்சா ரொட்டிப் பலகாரத்துக்கு அம்மா இப்போதே அரிசி எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். திங்கட்கிழமை காலை நீயும் எனக்காக ஒரு நிமிடம் ஜெபம் செய். நான் பேச ஆரம்பிக்கும்போது யாராவது டீ கேட்பார்கள். அப்போது நான் எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.

உன் தங்கை,
அஸ்ரிதா